இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் காணவில்லை

லைப்ரரி என்றால் மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. தேடுவதற்கென்றே எழுதப்பட்ட ஸாப்பியன் என்ற லைப்ரரியை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்து, அதாவது மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, இன்ஸ்டாலும் செய்தேன். அதைப் பயன்படுத்தும் நிரலை இயக்கிப் பார்த்தால், லிப்ஸாப்பியன் என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வந்து நின்றது. ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஃபைல் அங்கேதான் இருக்கிறது. தேடித் தர வந்ததையே மெஷினுக்குத் தேடத் தெரியவில்லை.

ஸாப்பியன் என்பது சி பிளஸ் பிளஸில் எழுதிய கட்டற்ற லைப்ரரி. அதன் வேர், கேம்பிரிட்ஜில் மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய மஸ்கட் என்ற தேடல் மென்பொருளில் இருக்கிறது. கணினியிலுள்ள ஃபைல்களைத் தேடித் தரும் ரீகாலும், மெயில்களைத் தேடித் தரும் நாட்மச்சும் உள்ளே ஸாப்பியனைத்தான் நம்பியிருக்கின்றன.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளப் பழைய சொல்லடைவுகளை நினைத்தால் போதும். 'யானை' என்ற சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று யாரோ ஒருவர் பொறுமையாக முன்பே எழுதி வைத்திருப்பார். நாம் நூல் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. ஸாப்பியனும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆவண எண்களை வரிசையாக வைத்துக்கொள்கிறது. இரண்டு சொற்களும் சேர்ந்து வர வேண்டும் என்று தேடினால் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் எண்களை எடுக்கும். எதை முதலில் காட்டுவது என்பதை பிஎம்25 என்ற கணக்கு முடிவு செய்கிறது. அரிதான சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஒரே சொல்லைப் பத்து முறை எழுதிவிட்டதால் மதிப்பு பத்து மடங்காகிவிடாது.

உபுண்டு என்ற லினக்ஸில் இது ஒரே கட்டளையில் ரெடிமேடாகக் கிடைக்கும். அது போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். எனக்கு அதைவிடப் புதிய பதிப்பு தேவைப்பட்டதால் சோர்ஸை இறக்கினேன்.

முதல் கட்டளை 'கான்ஃபிகர்'. 'செக்கிங்' என்று தொடங்கும் வரிகளைத் திரையில் ஓடவிடுமே, அதேதான். பலரும் அதைச் சடங்குபோல ஓட்டிவிடுவார்கள். உண்மையில் அது நம் மெஷினைக் குறுக்கு விசாரணை செய்கிறது. துக்கடா நிரல்களை எழுதி, கம்பைல் ஆகிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. எனக்கு முதலில் ஸெட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் மாட்டியது. அது ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது? ஓடுவதற்கான லைப்ரரி இருந்தது. லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைல் செய்யும்போது சொல்லும் ஹெடர் ஃபைல்கள் இல்லை. அவை 'டெவ்' என்று பெயர் முடியும் தனிப் பேக்கேஜில் வரும். அதைப் போட்டதும் வழிவிட்டது.

அடுத்தது 'மேக்'. 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி. அதன் தந்திரம் ரொம்ப எளிது: சோர்ஸ் ஃபைலின் நேரம், அதிலிருந்து உருவான ஃபைலின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய், இல்லையென்றால் விட்டுவிடு. அதனால்தான் பாதியில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துண்டு துண்டாகக் கம்பைல் ஆனவற்றைக் கடைசியில் லிங்கர் ஒரே லைப்ரரியாகக் கோக்கும்.

'மேக் இன்ஸ்டால்' வெறும் காப்பி வேலை. நாம் வேறு இடம் சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைக்கும்.

சரி, வைத்த பிறகும் ஏன் காணவில்லை? ஒரு நிரலைத் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி லினக்ஸ் டிஸ்க் முழுவதும் அலைவதில்லை. எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று முன்பே தயாரித்த ஒரு பட்டியலைப் பார்க்கிறது. அதில் இல்லையென்றால் வழக்கமான இரண்டு மூன்று ஃபோல்டர்களில் தேடும். யூஎஸ்ஆர் லோக்கல் அவற்றில் சேராது. பட்டியலோ நான் இன்ஸ்டால் செய்வதற்கு முன் தயாரானது. அதுவும் சொல்லடைவு போன்ற ஓர் இண்டெக்ஸ்தான்! புதுப்பிக்காத சொல்லடைவில் புதுப் பாட்டு எப்படி இருக்கும்? 'எல்டிகான்ஃபிக்' என்று ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஒரு கட்டளை கொடுத்தேன். பட்டியல் புதிதாகத் தயாரானது, நிரலும் ஓடியது.

அப்புறம் என் தமிழ்க் கோப்புகளை இண்டெக்ஸ் செய்து 'வீடு' என்று தேடினேன். மிகக் குறைவாகவே வந்தது. 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டை' எல்லாம் அதற்கு வேறு வேறு சொற்கள். இப்படி ஒட்டிவரும் உருபுகளை வெட்டிவிட்டு அடிச்சொல்லை மட்டும் இண்டெக்ஸில் வைப்பவை ஸ்டெம்மர்கள். ஆங்கிலத்துக்கு அப்படியொரு முறையை 1980இல் வெளியிட்டவரும் அதே போர்ட்டர்தான். அவர் பின்னர் தொடங்கிய ஸ்னோபால் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஒரு ஸ்டெம்மர் இருக்கிறது. ஆனால் தமிழில் வெட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. 'வீட்டில்' என்பதில் 'இல்'லை வெட்டினால் மிஞ்சுவது 'வீட்டு', 'வீடு' அல்ல. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நானே ஒரு சிறு விதி எழுதினேன்: 'ட்டு' என்று மிஞ்சினால் 'டு' என்றும் சேர்த்து வை. 'பாட்டு' என்ற சொல்லோடு கூடவே 'பாடு'ம் வந்து நின்றது.

விதியைத் திருத்திவிட்டு மறுபடி தேடினால் முடிவு கொஞ்சமும் மாறவில்லை. இந்த முறை குழம்பவில்லை. இண்டெக்ஸில் இருப்பது பழைய விதியால் வெட்டிய சொற்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து இண்டெக்ஸ் செய்ய ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.