பார்லித் தண்ணீர் பிபியைக் குறைக்காது

போன வாரம் விடிகாலை நான்கு மணிக்கு வலிப்போடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் ஒருமுறைகூட பிபி பார்க்கவில்லை.

"முகம் வீங்குச்சு சிஸ்டர், நீர்தானேன்னு பார்லி காய்ச்சிக் கொடுத்தோம். தலைவலின்னா, பித்தம்னு நினைச்சோம்."

இந்த வருஷம் இதே பேச்சை நான் கேட்பது நான்காவது முறை. மெக்னீசியம் ஊசி போட்டு, ஆபரேஷன் செய்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டோம்.

'நீர்' என்ற அந்த ஒரு சொல்தான் ஆளைக் கொல்கிறது. மாசமாக இருக்கும்போது சாயங்காலம் கணுக்கால் வீங்கும், படுத்து எழுந்தால் வடியும், அது வேறு. காலையில் எழும்போதே முகமும் கையும் உப்பி, மோதிரம் கழலாமல் போனால் அது வெறும் நீர் இல்லை. பார்லி குடித்தால் கொஞ்சம் சிறுநீர் போகும், அவ்வளவுதான். ஏறிய பிபி ஏறியபடியேதான் இருக்கும், அதுதான் வலிப்பில் கொண்டுபோய் விடும். சிலருக்கு வீக்கமே இல்லாமலும் பிபி ஏறும். கருவி வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, இருபது வருஷம் பிரசவ வார்டில் நின்ற என்னாலும் முடியாது.

140/90 தொட்டாலே டாக்டரிடம் போங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் பிக்மி நம்பர் ஊருக்கு ஊர் மாறாது. போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். புகுந்த வீட்டிலேயே அட்டையை விட்டுவிட்டு வந்தால், நடுராத்திரியில் நாங்கள் எதை வைத்துப் பார்ப்பது?

கண் விழித்ததும் அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "போன தடவை செக்கப்புல எல்லார் முன்னாடியும் திட்டுனாங்க. அதான் போகலைக்கா." எனக்குப் பதில் வரவில்லை. சக செவிலியர்களே, நாம் ஒரு நாள் கத்துவது அவளை ஐந்து வாரம் தள்ளி வைக்கிறது. வார்டில் கூட்டம் அதிகம்தான், ஆள் குறைவுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தாதீர்கள். பிரசவத் துணை உள்ளே இருக்கலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே இருக்கிறது. அவள் அம்மாவை வெளியே நிறுத்தாதீர்கள்.

தாய்மாரே, பிள்ளை பிறந்துவிட்டால் இது முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். முதல் வாரத்தில் பிபி மறுபடி ஏறலாம். அப்போது வலிப்பு வந்தால் ஜன்னி என்று வேப்பிலை அடிக்காமல் உடனே தூக்கி வாருங்கள்.