மலையெல்லாம் இரும்பு, தாது எங்கே?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்தில் இரும்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹேமர்ஸ்லி மலைத்தொடரின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் சிவப்பும் கறுப்புமாக அடுக்கடுக்காகத் தெரியும் பாறை முழுக்க இரும்புதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த பட்டை இரும்புப் பாறை அது. ஆனால் அதை அப்படியே வெட்டி விற்க முடியாது. அதில் இரும்பு 30 முதல் 35 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் பொருள். இரும்பு உருக்கும் ஊதுலைக்காரர்கள் 60 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்க்கிறார்கள். சேலத்துக் கஞ்சமலையில், மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் கொண்ட பாறைக்கும் இதே கதைதான். மலை நிறைய இரும்பு உண்டு, அரைத்துக் காந்தத்தால் பிரித்தெடுக்காமல் அது உலைக்குப் போகாது.

பில்பராவில் சில இடங்களில் மட்டும் இயற்கையே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பிளவுகள் வழியே இறங்கிய நீர் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பு தங்கிவிட்டது. பாறையிலிருந்த மேக்னடைட் ஆக்சிஜனேற்றமடைந்து ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு ஆனது. பல இடங்களில் நீர் சேர்ந்த கோதைட் உருவானது. தூய ஹேமடைட்டில் இரும்பு 69.9 சதவீதம், கோதைட்டில் 62.9. இப்படிச் செறிவூட்டப்பட்ட பாறைதான் தாது. அதன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குள் உலைக்கு வேண்டாத பாஸ்பரசும் அலுமினாவும் எவ்வளவு என்று கண்டறிவதுதான் இங்கே தேடல்.

கண்ணுக்குத் தெரிந்தவை எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. நாட்டில் இரும்பு குறைவு என்று நம்பிய ஆஸ்திரேலிய அரசு 1938இல் ஏற்றுமதியைத் தடை செய்தது. விற்க முடியாததை யார் தேடுவார்கள்? 1960 இறுதியில் தடை தளர்ந்ததும் சில ஆண்டுகளுக்குள் மவுண்ட் டாம் பிரைஸ், மவுண்ட் வேல்பேக் போன்ற மலைகள் வரைபடத்துக்கு வந்தன. இப்போது தேடப்படுபவற்றில் பெரும்பாலானவை சரளைக்கும் வண்டலுக்கும் கீழே பள்ளத்தாக்குகளில் புதைந்து கிடப்பவை.

தங்கம், நிக்கல் தேடும் இடங்களில் மேல்மண்ணை அள்ளிப் பகுப்பாய்வு செய்தால் கீழே இருப்பதன் தடயம் கிடைக்கும். இங்கே அந்த முறை அவ்வளவாக உதவாது. எங்கு அள்ளினாலும் மண்ணில் இரும்பு இருக்கும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள அலைநீளங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்கள் கோதைட் மிகுந்த பரப்பையும் ஹேமடைட் மிகுந்த பரப்பையும் ஓரளவு பிரித்துக் காட்டும், மேல்தோலை மட்டும்.

எனவே முதல் பெரிய செலவு விமானக் காந்த அளவைக்குப் போகிறது. சீசியம் ஆவிக் காந்தமானியைப் பொருத்திய சிறு விமானம், தரையிலிருந்து 50, 60 மீட்டர் உயரத்தில், 100 முதல் 200 மீட்டர் இடைவெளியில் இணைகோடுகளாகப் பறக்கும். தரையில் இன்னொரு காந்தமானி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். பூமியின் காந்தப்புலம் பகலில் தானாக ஏறி இறங்குவதைக் கழிப்பதற்காக அது. சூரியப் புயல் வந்தால் அன்றைய பறப்பு வீண். திரும்பப் பறக்க வேண்டும்.

வரைபடத்தைப் படிக்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இரும்பு என்றால் காந்தம் பலமாக இருக்குமிடத்தைத் துளைப்போம் என்று தோன்றும். பலமாகத் தெரிவது மேக்னடைட் மிகுந்த, செறிவூட்டப்படாத பட்டைப் பாறை. தாதுவாகும்போது மேக்னடைட் ஹேமடைட்டாக மாறிக் காந்தத்தன்மையைப் பெரிதும் இழந்துவிடுகிறது. ஆகவே பலமான காந்தப் பட்டை ஓடிக்கொண்டே வந்து திடீரென மங்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. அங்கேயும் ஏமாற்றம் உண்டு. பாறை மடிந்திருக்கலாம், நிலப்பிளவில் பெயர்ந்து வெட்டுப்பட்டிருக்கலாம், பழங்காலக் காந்தத் திசை இன்றைய புலத்துக்கு எதிராகப் பதிந்திருக்கலாம். மூன்றும் வரைபடத்தில் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும்.

அடுத்து ஈர்ப்பு அளவை. கீழே கனமான பாறை இருந்தால் ஈர்ப்பு சற்றே கூடும், அதை மில்லிகால் என்ற அலகில் அளப்பார்கள். கருவியை வைக்கும் உயரத்தை ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் விடை சுமார் 0.2 மில்லிகால் தவறும். நல்ல தாதுவே ஓரிரு மில்லிகால் மாற்றத்தைத்தான் காட்டும் என்பதால், ஒவ்வொரு நிலையத்தின் உயரமும் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் வேண்டும். இன்னொரு பொறியும் இருக்கிறது. இறுகிய ஹேமடைட் தாது சுற்றுப்பாறையைவிடக் கனம். ஆனால் துளைகள் நிறைந்த கோதைட் தாது, செறிவூட்டப்படாத பட்டைப் பாறையைவிட லேசாகக்கூட இருக்கும். எந்த வகையைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் ஈர்ப்பு மேடுகளை மட்டும் துரத்தினால் கோதைட் தாது கைநழுவும்.

இதே கருவிகள் தெற்கு ஆஸ்திரேலியாவில் வேறு உலோகத்தைக் காட்டிக்கொடுத்தன. ஒலிம்பிக் டேம் பகுதியில் தரையில் எந்தத் தடயமும் இல்லை. காந்தமும் ஈர்ப்பும் அருகருகே மேடிட்டிருந்ததை நம்பி 1975இல் 300 மீட்டருக்கும் மேலான மூடுபாறையைத் துளைத்தார்கள். முதல் துளையிலேயே செம்பு தெரிந்தது. பெரிய சுரங்கம் என்ற உறுதி பத்தாவது துளையில்தான் வந்தது. அதுவரை பணம் போட்டவர்களின் பொறுமையைப் பாராட்ட வேண்டும்.

பில்பராவில் துளையிடும் இயந்திரம் கிளம்புவதற்கு முன், அந்த நிலத்தின் பழங்குடி உரிமையாளர்களுடன் நடந்து பார்த்துப் பண்பாட்டு ஆய்வு முடித்தாக வேண்டும். இதைக் காகித வேலை என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜூகன் பள்ளத்தாக்கு சாட்சி. 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய தடயங்கள் இருந்த பாறைக்குகைகளை, சட்டப்படியான அனுமதி கையில் இருந்தும், 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. புடு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் எதிர்ப்பும் நாடாளுமன்ற விசாரணையும் தொடர்ந்தன. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

துளையிடலில் பெரும்பகுதி எதிர்ச்சுழற்சி முறையில் நடக்கிறது. துளைக்குள் இறங்கும் ராடு என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். இடைவெளி வழியே அழுத்தக் காற்று கீழே போய் சுத்தியலை இயக்குகிறது. நொறுங்கிய துகள் உட்குழாய் வழியே மேலே வருகிறது. துளையின் சுவரில் உரசாமல் வருவதால், எந்த ஆழத்துத் துகள் என்பது கலங்காது. மேலே சைக்ளோன் என்ற சுழல்கலம் காற்றைப் பிரித்துவிட, துகள் கூம்புப் பிரிப்பானில் விழுந்து பங்காகிறது. 140 மில்லிமீட்டர் துளையில் 2 மீட்டருக்குச் சுமார் 86 கிலோ துகள் வரும். பையில் போவது 3 கிலோ. ஆய்வகத்தில் அதைப் பொடியாக்கிக் கண்ணாடி வில்லையாக உருக்குவது ஒரு கிராமுக்கும் குறைவு. துளைகள் 50 மீட்டர் இடைவெளியில் இருந்தால், அந்தக் கிராம் சுமார் 14,000 டன் பாறைக்காகப் பேசுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. பாறை அப்படிக் கலந்து வேகவில்லை.

ஆகவே பிழை நுழையும் வாசல்களைத் தெரிந்து வைத்திருப்பதுதான் இந்தத் தொழில். ராடு 6 மீட்டர் நீளம். புது ராடு பூட்டும்போது காற்று நிற்கிறது, மேலிருந்து துகள் சரிந்து அடியில் விழுகிறது. துளையை ஊதிச் சுத்தம் செய்யாமல் தொடர்ந்தால் அடுத்த மாதிரி கெட்டது. ஆய்வக முடிவில் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒருமுறை மதிப்பு துள்ளினால், அதைப் பாறையின் குணம் என்று விளக்க முயலாமல், இயந்திரத்தை இயக்கியவரிடம் போய்ப் பேசுவது நல்லது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தொல்லை இரட்டிப்பு. ஈரக் களிமண் பிரிப்பானில் அப்பி ஒரு பக்கத்தை அடைக்கும். ஒரு பக்கம் விழும் அசல் மாதிரியையும் மறுபக்கம் விழும் இணை மாதிரியையும் எடைபோட்டுக்கொண்டே வந்தால் இது உடனே பிடிபடும். உலர்ந்த துளையிலோ நுண்தூசி காற்றோடு போய்விடும். அந்தத் தூசியில்தான் அலுமினா அதிகம். எனவே தாது உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும். அலுமினா ஊதுலைக் கசடைக் கெட்டியாக்கிக் கூடுதல் கோக் எரிபொருள் கேட்கும் என்பதால், வாங்குபவர் இதை விடமாட்டார்.

தூசியில் இன்னொன்றும் இருக்கலாம். பட்டை இரும்புப் பாறையில் சில இடங்களில் நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் உண்டு; 1966இல் மூடப்பட்ட விட்டனூம் சுரங்கம் இதே பாறையிலிருந்துதான் கல்நாரை எடுத்தது. இழை தெரிந்தால் துளைக்குள் நீர் செலுத்தித் தூசியை அடக்கி, முகமூடி மாற்றி, தேவைப்பட்டால் துளையையே கைவிடுவார்கள்.

துளை முடிந்ததும் உள்ளே கதிர்வீச்சை அளக்கும் காமா உணரியை இறக்குவார்கள். ஷேல் என்ற களிப்பாறை அடுக்குகளிலுள்ள பொட்டாசியமும் தோரியமும் கதிர்வீச்சைக் காட்டும், இரும்புப் பாறை அமைதியாக இருக்கும். பிராக்மன் என்று பெயரிட்ட பாறைத் தொகுதியின் டேல்ஸ் கார்ஜ் பிரிவில் 17 இரும்புப் பட்டைகளும் அவற்றினிடையே 16 ஷேல் பட்டைகளும் ஒழுங்காக வருகின்றன. பல கிலோமீட்டர் தள்ளியுள்ள துளைகளிலும் அதே வரிசை. உணரி வரையும் கோட்டின் முகடுகளை எண்ணியே எந்தப் பட்டைக்குள் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளக்க மட்டும் காந்த ஊசியை நம்பக்கூடாது. மேக்னடைட் அருகில் அது பொய் சொல்லும். அதற்குக் காந்தம் தேவைப்படாத ஜைரோஸ்கோப்.

ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் தனிமங்களை அளப்பார்கள். 1,000 டிகிரியில் சூடாக்கி எடை இழப்பைத் தனியே எடுப்பார்கள். கோதைட்டின் நீர் அதில் தெரியும். எல்லாவற்றையும் ஆக்சைடாக மாற்றிக் கூட்டினால் 100ஐ ஒட்டி வர வேண்டும். இரும்பு 61 சதவீதம் என்றால் ஃபெரிக் ஆக்சைடாக 87.2, சிலிக்கா 4, அலுமினா 2.3, பாஸ்பரஸ் ஆக்சைடு 0.2, எடை இழப்பு 6, கூட்டினால் 99.7. கூட்டுத்தொகை 97 என்றால் வில்லையில் கோளாறு, அல்லது அளக்காத ஏதோ இருக்கிறது. இரண்டு பைகள் இடம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. அதற்காகவே மதிப்பு தெரிந்த மாதிரிகளை இடையிடையே எண் மட்டும் போட்டு அனுப்புவது.

அடர்த்திக்கும் ஈரப்பதத்துக்கும் வைர முனையால் உருளையாக வெட்டிய பாறை தேவை. இதன் மீட்டர் செலவு அதிகம் என்பதால் குறைவாகவே வெட்டுவார்கள். உடையாத துண்டுகளை மட்டும் பொறுக்கி அளந்தால் அடர்த்தி கூடுதலாக வரும், ஏனெனில் துளைகள் நிறைந்த பகுதி ஏற்கெனவே பொடியாகிப் போயிருக்கும். 10 கோடி டன் படிவத்தில் அடர்த்தியில் 5 சதவீதப் பிழை என்றால் 50 லட்சம் டன் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஈரப்பதமோ காற்றடித்த துகளில் கிடைக்கவே கிடைக்காது; வெட்டிய உடனே உறையிட்டு மூடிய உருளையில்தான் அளக்க வேண்டும். தாதுவுக்கு விலை உலர் டன்னில். 1,70,000 டன் ஏற்றும் கப்பலில் ஈரம் 5 சதவீதம் என்று கணித்து 8 ஆக இருந்தால், 5,100 டன் தண்ணீரைக் கூடுதலாகச் சீனா வரைக்கும் கூலி கொடுத்து அனுப்புகிறோம்.