‘அவன்’ யார்? இன்னும் பிறக்காத வாசகருக்கு ஒரு டைரி

“நேத்து அவன் மறுபடியும் வந்தான். பழைய வீட்டுப் பேச்சுதான். அம்மா எதுவும் சொல்லவில்லை. இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.”

ஒரு டைரியில் இப்படி நான்கு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு இதில் எந்த மர்மமும் இல்லை. அறுபது ஆண்டு கழித்து அவருடைய பேத்தி இதைப் படிக்கிறாள். எழுத்து தெளிவாக இருக்கிறது. அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒன்றும் விளங்கவில்லை. ‘அவன்’ யார்? எந்தப் பழைய வீடு? ‘அம்மா’ என்பது எழுதியவரைப் பெற்றவளா, வீட்டில் எல்லோரும் அம்மா என்றே கூப்பிட்டுவந்த பாட்டியா?

அ, இ, உ என்று பள்ளியில் படித்த சுட்டெழுத்துகள் நினைவிருக்கும். ‘அவன்’, ‘இங்கே’, ‘நேற்று’ போன்ற சொற்கள் தாமாகப் பொருள் தருவதில்லை. சொல்பவர் யார், எங்கே நிற்கிறார், அன்று என்ன தேதி என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவற்றுக்குப் பொருள். சுட்டிக்காட்டிய விரல் போய்விட்டால், காட்டப்பட்டது எது என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை கடந்து வாழவேண்டிய டிஜிட்டல் டைரியை வடிவமைப்பவருக்கு முதல் சிக்கல் இதுதான். எங்கே சேமிப்பது, எத்தனை ஜிபி வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதே சிக்கலை விண்வெளித் துறையினர் வேறு வடிவில் சந்தித்தார்கள். செயற்கைக்கோள் அனுப்பிய எண்களைப் பத்திரமாக வைத்துவிடலாம். ஆனால் அது எந்தக் கருவி அளந்தது, எந்த அலகு, எந்த வரிசை என்பது தெரியாவிட்டால் முப்பது ஆண்டு கழித்து அது வெறும் எண் குவியல். அதனால் விண்வெளி அமைப்புகளின் கூட்டுக்குழு ஒன்று ஆவணக் காப்பகங்களுக்கான பொது மாதிரியை உருவாக்கியது. 2003-ல் அது ஐஎஸ்ஓ 14721 என்ற சர்வதேசத் தரநிலையானது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, காப்பகம் முதலில் தன் வாசகர் யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரிந்திருக்கும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது. அவருக்குத் தெரியாததை எல்லாம் தரவோடு சேர்த்தே கட்டிவைக்க வேண்டும். குடும்ப டைரியின் வாசகர் இன்னும் பிறக்கவில்லை. அவருக்கு ‘அவன்’ யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

நல்ல செயலி இதை எப்படிக் கையாளலாம்? எழுதும்போதே குறுக்கே வந்து “யார் அவன்?” என்று கேட்டால் எரிச்சலில் மூடி வைத்துவிடுவோம். எழுதி முடித்த பிறகு, மாலையிலோ மறுநாளோ, ‘அவன்’ என்ற சொல்லைத் தொட்டு ஓர் ஆளோடு முடிச்சுப் போடச் சொல்லலாம். அந்த ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், புகைப்படம், எழுதியவருக்கு என்ன உறவு. மூல வரி மாறாது. ‘அவன்’ என்றே இருக்கும், ஆனால் அடியில் ஒரு கண்ணி இருக்கும்.

உறவுச் சொற்களில் இந்த முடிச்சு இன்னும் முக்கியம். எழுதியவருக்கு ‘அப்பா’, அவர் மகளுக்குத் தாத்தா, பேத்திக்குக் கொள்ளுத்தாத்தா. ஆள் ஒருவர்தான், படிப்பவர் மாற மாறச் சொல் மாறுகிறது. ‘மாமா’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். செயலி உள்ளுக்குள் உறவுச் சொல்லைச் சேமிக்காமல், ‘இவர் இவருடைய பிள்ளை’, ‘இவரும் இவரும் மணந்தவர்கள்’ என்ற இரண்டு வகை இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஆணா பெண்ணா, யார் மூத்தவர் என்பதும் அந்த ஆளின் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலான உறவுகளை அவற்றிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். பேத்தி திறக்கும்போது ‘அப்பா’ என்ற சொல்லுக்கு அருகில் ‘உன் கொள்ளுத்தாத்தா’ என்று காட்டும்.

தேதியிலும் இதே கதை. ‘நேற்று’ என்பதைச் செயலி தானாகவே நாளாக மாற்றிக்கொள்ளும், அது எளிது. கடினம், பழைய நினைவுகளுக்குத் தேதி போடுவது. “1962 வாக்கில் இருக்கும்” என்று ஒருவர் சொல்ல, பல செயலிகள் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் நிரப்பினால்தான் உள்ளே விடுவேன் என்று அடம்பிடிக்கும். பாவம், அவரும் 1-1-1962 என்று போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருபவர் அதைப் புத்தாண்டு நாள் என்றே நம்புவார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதவைப்பது டைரிக் கருவி செய்யக்கூடிய மோசமான தவறுகளில் ஒன்று என்பேன். இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601 தேதித் தரநிலையின் 2019 நீட்சியில் ‘1962~’ என்றால் ஏறத்தாழ 1962, ‘1962?’ என்றால் உறுதியில்லை. ஒரேயொரு குறிதான், ஆனால் நேர்மை அதில் இருக்கிறது.

சரி, எழுதுவதற்கு முன் நினைவுக்கு வரவேண்டுமே. நினைவு என்பது அலமாரியில் வைத்த கோப்பு மாதிரி இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஓரளவு புதிதாகக் கட்டப்படுகிறது. 1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வில் கார் விபத்துக் காட்சி ஒன்றை 150 பேருக்குக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் கார்கள் ‘இடித்து நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னோர் ஐம்பது பேரிடம் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று. மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, முதல் குழுவில் 16 பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவதில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் நினைவுக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவிட்டது.

டைரிச் செயலி கேட்கும் கேள்விகளும் இப்படித்தான் வேலை செய்யும். “உங்கள் திருமண நாளில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?” என்று கேட்டால் மகிழ்ச்சிதான் பதிலாக வரும். “அன்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் ஒரு கதவு திறக்கும். அடுத்து “அறையில் வேறு யார் இருந்தார்கள்?”, “வெளியே என்ன சத்தம் கேட்டது?” என்று போகலாம். கேள்வி உணர்ச்சியைச் சொல்லித் தரக் கூடாது; இடத்தையும் பொருளையும் தொட்டுக் கேட்டால் உணர்ச்சி தானாக வரும். எந்த வயதைப் பற்றிக் கேட்பது என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு: நடுவயதைத் தாண்டியவர்களுக்குத் தங்கள் பதின்வயது முதல் முப்பது வரையிலான காலம் மற்ற ஆண்டுகளைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கிறது என்று பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. முதல் கேள்வியை அங்கே போடுவது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் செய்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் உருவாக்கிய 20 கேள்விப் பட்டியலைக் காட்டுவது வழக்கம். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற கேள்விகள். அதிகம் பதில் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. இதை வைத்துக் கதை சொன்னால் போதும், பிள்ளை திடமாக வளரும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள், அது அதிகப்படி. உட்கார்ந்து பேசும் பழக்கம் உள்ள வீட்டில் கதையும் தெரிந்திருக்கும், பிள்ளையும் நன்றாக இருக்கும். எது எதற்குக் காரணம் என்று அந்தப் பட்டியல் மட்டும் சொல்லிவிடாது.

குரலைப் பதிவதைப் பற்றி ஒன்றே ஒன்று. பேச்சை எழுத்தாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, தயக்கங்களையும் பாதியில் நின்ற வாக்கியங்களையும் துடைத்துச் சுத்தமாகத் தருகின்றன. பாட்டி எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி மூச்சு விட்டாள் என்பது போய்விடுகிறது. எனவே எழுத்தாக்கம் தேடுவதற்கு மட்டும். மூலம் எப்போதும் குரல்தான். நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற நல்ல தரத்தில் ஒரு மணிநேர ஒற்றைத் தடப் பதிவு சுமார் 518 எம்பி. தரம் இழக்காத ஃபிளாக் வடிவில் அழுத்தினால் அது இன்னும் குறையும். இன்றைய வட்டுகளுக்கு இது ஒரு சுமையே இல்லை.

இனி கோப்பு. 1086-ல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பின் 900-ஆம் ஆண்டையொட்டி, 1986-ல் பிபிசி ஒரு நவீனக் கணக்கெடுப்பை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏறின. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் தரவை மீட்கவேண்டி வந்தது. ஆட்டுத் தோலில் மையால் எழுதிய 1086-ஆம் ஆண்டுக் கணக்கையோ இன்றும் திறந்து படிக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு எண் தரும் யூனிகோட் பரவுவதற்கு முன், எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ரோமன் எழுத்துக் குப்பை. இன்று ‘அம்மா’ என்று அடித்தால் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். அவற்றைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எந்தக் கணினியிலும் அதே 15 பைட், அதே அம்மா. யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தாத்தா ஒரு விதமாக அடித்த ‘கொடி’யைப் பேத்தி இன்னொரு விதமாக அடித்துத் தேடினால், இல்லை என்று பதில் வரும்! இதைச் சரிசெய்ய யூனிகோடிலேயே ‘இயல்பாக்கம்’ என்ற விதி இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பல செயலிகள் இதைச் செய்வதில்லை.

பிரதிகள் விஷயம் பழகியதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். கூடவே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, எஸ்எச்ஏ-256 போன்ற கைரேகை எண்ணை வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிட்டால், எந்தப் பிரதி கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறுவனத்தின் சர்வரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் போதும். 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்கள், சர்வர் மாற்றத்தின்போது போய்விட்டதாக 2019-ல் தெரியவந்தது. ஆகவே எந்த டைரிச் செயலியை எடுத்தாலும் முதல் நாளே ‘எல்லாவற்றையும் வெளியே எடு’ என்ற பொத்தானைத் தேடுங்கள். சாதாரண எழுத்துக் கோப்புகளாகவும் படங்களாகவும் வரவேண்டும். அந்தச் செயலி இருந்தால்தான் திறக்கும் ஒரு மூட்டையாக வந்தால், அது ஏற்றுமதி இல்லை.

பாதுகாப்பதற்கு நேர்மாறான தேவையும் உண்டு: பூட்டு. நான் இருக்கும்வரை யாரும் படிக்கக் கூடாது, போன பிறகு பிள்ளைகள் படிக்கலாம், ஆனால் அவர்களில் ஒருவர் மட்டும் தனியாகத் திறந்துவிடக் கூடாது. கடவுச்சொல்லை ஒருவரிடம் கொடுத்தால் அவர் தொலைக்கலாம், அவசரப்படலாம். 1979-ல் மறையீட்டு அறிஞர் ஆடி ஷமீர் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். சாவி 7 என்ற எண் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தாளில் 7-ல் தொடங்கி, அடிக்கு 3 ஏறும் ஒரு நேர்கோடு போடுங்கள். முதல் அடியில் அது 10-ல் நிற்கும், இரண்டாம் அடியில் 13, மூன்றாம் அடியில் 16. மூத்த மகளுக்கு 10, நடுப்பிள்ளைக்கு 13, கடைக்குட்டிக்கு 16. யாராவது இருவர் சேர்ந்தால் கோடு கிடைத்துவிடும். மூத்தவளும் கடைக்குட்டியும் சேர்ந்தால், இரண்டு அடியில் 6 ஏறியிருக்கிறது, எனவே அடிக்கு 3. 10-லிருந்து ஓர் அடி பின்னே போனால் 7. தனியாக 10 மட்டும் கையில் இருப்பவருக்கோ, ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகின்றன. சாவி எதுவாகவும் இருக்கலாம். மூவர் சேர்ந்தால்தான் திறக்கவேண்டும் என்றால் நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு. நடைமுறையில் மிகப் பெரிய எண்களும் கடிகாரம் போல் சுற்றிவரும் கணக்கும் பயன்படுகின்றன, யோசனை இதேதான். ஒருவர் தன் பங்கைத் தொலைத்தாலும் மற்ற இருவர் போதும் என்பதுதான் இதில் குடும்பங்களுக்குப் பொருத்தமான அம்சம்.

பேத்தி படிக்கும்போது அவளுக்கும் ஏதாவது எழுதத் தோன்றும். “இது தவறு, அந்த ஆண்டு வீடு விற்றாயிற்று” என்று. அதை மூலத்தின் மேல் எழுத விடக் கூடாது. அவள் பெயரோடும் தேதியோடும் பக்கத்தில் தனி அடுக்காக நிற்கட்டும். 1932-ல் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட், ஒரு கதையை ஒருவர் சொல்ல அடுத்தவர் நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் சோதனைகளை வெளியிட்டார். கதை சுருங்கியது, அறியாத விஷயங்கள் உதிர்ந்தன, ‘ஓடம்’ சாதாரணப் ‘படகு’ ஆனது. ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு திருத்தியதன் விளைவு அது.

அடுக்கு வசதி இருக்கும் செயலியில் ஒரு பரிசோதனையை இன்றே செய்யலாம். அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டாம். எழுதியதை வீட்டில் இருக்கும் பத்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறதோ, அதைச் செயலி ஒரு குறியாக அந்தச் சொல்லின்மேலேயே போட்டுவைக்கட்டும். முதல் வரியிலேயே நின்றுவிடும்.

“தாத்தா, யாரு இந்த அவன்?”

“அது பெரிய கதை.”

“சொல்லு.”

பதிவுப் பொத்தான் அப்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.