அஸுலேஜு: நீலத்தில் பிறக்காத சொல்

லிஸ்பன் நகரத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கும் அந்தச் சுவர்கள் நினைவில் இருக்கும். தேவாலயம், அரண்மனை, ரயில் நிலையம், சாதாரணக் குடியிருப்பு என்ற வேறுபாடில்லாமல் பளபளக்கும் சதுர ஓடுகள் பதிந்திருக்கும். பல இடங்களில் வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரங்கள். போர்ச்சுக்கீசியர் இவற்றை ‘அஸுலேஜு’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் நீலத்துக்கு ‘அஸுல்’ என்று பெயர். எனவே அஸுலேஜு என்றால் நீல ஓடு என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அது தவறு. ஒரு நாட்டின் வரலாற்றில் பாதியை மறைத்துவிடும் தவறு என்றே சொல்வேன்.

சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. ‘ஸுலைஜ்’ என்பதற்கு மெருகேற்றிய சிறு கல் என்று பொருள் சொல்வார்கள். அதன் முன் ‘அல்’ என்ற முன்னொட்டு சேரும்போது லகரம் அடுத்து வரும் ஒலியாகவே மாறி, ‘அஸ்ஸுலைஜ்’ ஆகிறது. பல், நூறு இரண்டும் சேர்ந்து பன்னூறு ஆவதை அறிந்த நமக்கு இந்தப் புணர்ச்சி புதிதல்ல. 711ஆம் ஆண்டு தொடங்கி, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் நிலைத்த முஸ்லிம் ஆட்சிக் காலம் விட்டுச்சென்ற சொற்களில் இதுவும் ஒன்று. மொராக்கோவில் வண்ண ஓட்டுத் துண்டுகளை வெட்டிப் பதிக்கும் கலையை இன்றும் ‘ஸெல்லிஜ்’ என்கிறார்கள். இரண்டும் உடன்பிறந்த சொற்கள்.

‘அஸுல்’ வேறு வழியில் வந்தது. பாரசீகத்தில் நீலக்கல்லைக் குறித்த ‘லாஜ்வர்த்’ அரபு வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து, முதல் லகரத்தை இழந்து ‘அஸுல்’ ஆயிற்று. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ஓடுகளே இதற்குச் சாட்சி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகல் மன்னர் முதலாம் மனுவெல் தம் சிண்ட்ரா அரண்மனைக்கு ஸ்பெயினின் செவில்யா நகரிலிருந்து ஓடுகளை வரவழைத்தார். அவற்றில் பச்சை, பழுப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. வடிவங்கள் பெரும்பாலும் மூரியக் கோலங்கள், அதாவது ஐபீரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த முஸ்லிம்களான மூர்களின் பாணி. சீனப் பீங்கானும் டச்சு ஓடுகளும் ஏற்படுத்திய மோகத்தால் நீலமும் வெள்ளையும் கோலோச்சத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் வழக்கில் இருந்தது.

போர்த்து நகரின் சாவ் பென்டு ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 20,000 ஓடுகளில் ஜோர்ஜ் கொலாசு தீட்டிய வரலாற்றுக் காட்சிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, 1415இல் வட ஆப்பிரிக்காவின் சேயுத்தாவை மூர்களிடமிருந்து போர்ச்சுக்கீசியர் கைப்பற்றியது. வென்றவர்கள் தம் வெற்றியை வரைந்து வைத்திருக்கும் பொருளுக்குத் தோற்றவர்களின் மொழியே பெயர் தந்திருக்கிறது. என்னை இந்தச் சொல்லின் பக்கம் இழுத்ததே அந்தச் சுவர்தான்.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ஜன்னல், சாவி, அலமாரி எனப் போர்ச்சுக்கீசியச் சொற்கள் பல நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன, அஸுலேஜு வரவில்லை. இன்று எல்லோரும் சொல்வது ‘டைல்ஸ்’. அந்தக் கலையைப் பற்றி எழுதும்போது அது போதாது. ‘பளிங்கு’ பொருந்தாது, அது கல். இது களிமண்ணைச் சுட்டு, மேலே மெருகு பூசி, மீண்டும் சுட்டது. சுட்ட மண்ணுக்கு நம்மிடம் ‘ஓடு’ இருக்கிறது. ஆனால் ஓடு என்றதும் கூரை நினைவுக்கு வருவதால் ஓர் அடைமொழி தேவை. ‘ஓவிய ஓடு’ அழகான சொல். ஆனால் 1755 நிலநடுக்கத்துக்குப் பின் லிஸ்பனை மீட்டுக் கட்டியபோது பயன்பட்ட எளிய கோல ஓடுகளை அது விட்டுவிடும். அரபு வேரின் பொருளையும் செய்முறையையும் ஒருங்கே தாங்கும் ‘மெருகு ஓடு’ என்பதே என் தேர்வு. பிரித்தே எழுத வேண்டும். சேர்த்து ‘மெருகோடு’ என்று எழுதினால் ‘மெருகுடன்’ என்று பொருள் மாறிவிடும்.