எஞ்சினுக்குப் புளி போட வேண்டாம்

சென்னை நங்கநல்லூரிலிருந்து ஒருவர் தலையணை உறைக்குள் சுற்றி, நிஜ ஆவியிலேயே ஓடுகிற ஒரு குட்டி ரயில் எஞ்சினை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒண்ணேகால் அடி நீளம், 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகிற ரகம். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது. "நாலு மாசம் ஜோரா ஓடிச்சு சார். இப்போ முக்கி முனகி நின்னுடுது" என்றார்.

உறையை உருவினேன். பித்தளை எல்லாம் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஆடி வெள்ளிக்கு விளக்கு தேய்த்த கையோடு இதையும் புளி போட்டுத் தேய்த்து, மேலே பித்தளைப் பொடியும் போட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அந்தப் பொடி அரம் மாதிரி. பிஸ்டன் தண்டு உள்ளே போய்வரும் இடத்தில் புகுந்து, தண்டு முழுக்கக் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தது. ஆவி அந்த வழியாகவே கசிந்துவிட்டால் எஞ்சினுக்கு ஏது இழுவை?

மீதிப் பாதி உள்ளே இருந்தது. இப்படி என்னிடம் வருகிற எஞ்சின்களில் ஓடித் தேய்ந்தவை மிகக் குறைவு. ஓடி முடித்ததும் அப்படியே அலமாரியில் ஏற்றி வைத்ததால் கெட்டவைதான் அதிகம்.

எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து தொடங்குகிறேன். கேபின் ஓரமாக விரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். அதற்குள் கொஞ்சம் ஆவி போய்க் குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனம், அடியில் இறங்கும். எண்ணெய் மேலே எழும்பி ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஏற்பாடு. ஓட்டம் முடியும்போது கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதை மருந்துக்கடை சிரிஞ்சால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். தண்ணீர் மேலேயே ஊற்றினால் கொஞ்சம்தான் பிடிக்கும். அடுத்த ஓட்டத்தில் பாதி தூரத்துக்குள் சிலிண்டர் காய்ந்துவிடும்.

என்ன எண்ணெய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டீம் சிலிண்டர் ஆயில், 460 கிரேடு. தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் வேண்டாம், ஈர ஆவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தார். பட்டறையே அடை வார்த்த மாதிரி மணத்தது, பிஸ்டன் மட்டும் அசையவில்லை. வெளியே இருக்கும் மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதேதான் பாய்லருக்குள்ளும் ஒட்டும். கடலோரம் என்றால் உப்புக்கரிப்பு வேறு. எங்கள் பட்டறையில் மழைத் தண்ணீர்தான். 2003-லிருந்து மொட்டை மாடிக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிய ஊர் இது, நமக்கா மழைத் தண்ணீருக்குப் பஞ்சம்? ஐப்பசியில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் எவர்சில்வர் குடத்தை வெட்டவெளியில் வைத்துப் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டினால் வருஷத்துக்கே போதும். உப்பு ஏற்கெனவே படிந்திருந்தால் எலுமிச்சை உப்பைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, நேரம் பார்த்து வெளியே எடுத்து, நன்றாக அலசிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அமிலம் பித்தளையையே தின்ன ஆரம்பிக்கும்.

பாய்லர் ஆறும்போது நடப்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகச் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். மூடியே வைத்திருந்தால் அந்த வெற்றிடம் எண்ணெயையும் அழுக்கையும் குழாய் வழியாகப் பாய்லருக்குள் இழுத்துக்கொள்ளும். எண்ணெய் கலந்த தண்ணீர் கொதிக்கும்போது நுரைக்கும். நங்கநல்லூர்க்காரரின் பாய்லரைக் கவிழ்த்தபோது வந்தது தண்ணீரா, திரிந்த மோரா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால் அழுத்தமானி பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு, சேஃப்டி வால்வைக் கிளப்பிப் பார்த்து 'புஸ்' என்ற சத்தமே இல்லை என்று உறுதியான பிறகு, கையில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். முள்ளை மட்டும் நம்பித் திறக்காதீர்கள், முள்ளும் சிக்கிக்கொள்ளும்.

வெளிப்புறத்தை வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய பருத்தித் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தானாக வந்துவிடும். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். விடாப்பிடியான கறைக்கு, நெருப்பெல்லாம் அணைந்து முழுசாக ஆறிய பிறகு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் டர்பன்டைன். ஸ்பிரிட் சில பெயின்ட்டுகளைக் கரைத்துவிடும், மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். பாய்லரைச் சூடாக்கும் கேஸ் வருகிற நுண்துளையான ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். துளை துளியூண்டு பெரிதானாலும் நெருப்பு மாறிவிடும்.

சேஃப்டி வால்வு கசிகிறது என்று ஒருவர் அதை இறுக்கிவிட்டு ஓட்டியிருந்தார். 40 பி.எஸ்.ஐ.யில் திறக்க வேண்டிய வால்வு அது. முள் 70-ஐத் தொட்டதும் பயந்துபோய் கேஸை மூடிவிட்டு என்னிடம் ஓடிவந்தார். 40 என்பது ஸ்கூட்டர் டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதனால்தான் அலட்சியம் வருகிறது. ஆனால் டயரில் இருப்பது வெறும் காற்று. இங்கே இருப்பது 140 டிகிரி வெந்நீர். வால்வு கசிந்தால் உள்ளே உப்போ தூசியோ உட்கார்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பழைய எஞ்சின் வாங்கினால் முதல் வேலை, பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது. காற்றடித்துச் சோதிப்பது கூடவே கூடாது. தண்ணீரில் விரிசல் விட்டால் பீச்சும், அவ்வளவுதான், காற்றென்றால் வெடிக்கும்.

நம் ஊர் வெயிலுக்கென்று ஒன்று. குளிர்நாடுகளில் கேஸ் டேங்கைச் சூடேற்ற வெந்நீரில் வைப்பார்கள். அதைப் பார்த்து இங்கேயும் ஒருவர் வைத்திருந்தார், அதுவும் சித்திரையில்! டேங்கில் நிரப்பும் பியூட்டேன் கேஸுக்கு 15 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 38 டிகிரியில் இரண்டு மடங்காகிவிடும். இங்கே டேங்குக்குத் தேவை பச்சைத் தண்ணீர். கேஸ் நிரப்புவதும் மொட்டை மாடியில்தான். பியூட்டேன் காற்றைவிட கனம், பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குள் தரையோடு தேங்கி நிற்கும். பூஜை அறை விளக்கு எரிகிற கூடத்தில் நிரப்புகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

நங்கநல்லூர் எஞ்சினுக்குப் புதுத் தண்டு கடைந்து, ஆவி கசியாமல் பிடிக்கும் ஓ-ரிங் வளையத்தையும் மாற்றிக் கொடுத்தாயிற்று. வாங்கிப்போக அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். பளபளப்பு போய் மங்கிக் கிடந்ததைப் பார்த்து, "லேசா ஒரு தடவை மட்டும் தேய்ச்சுக்கட்டுமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "கேபின் கூரையை மட்டும் தேய்ச்சுக்கோங்கம்மா, வெறும் துணியால" என்றேன்.