கேமியோ என்ற நகைக்குத் தமிழில் என்ன பெயர்?

"இந்தப் படத்தில் அவர் ஒரு கேமியோ பண்ணியிருக்கிறார்." பெரிய நடிகர் ஒருவர் இரண்டு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போவதற்கு நாம் இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் கேமியோ முதலில் ஒரு நகை. முட்டை வடிவத்தில் சின்னதாக ஒரு கல் அல்லது சங்குத் துண்டு, அதன் அடர்நிறப் பின்னணிக்கு மேல் வெள்ளையாக எழும்பி நிற்கும் ஒரு முகம். விக்டோரியா காலத்து ஓவியங்களில் பெண்களின் கழுத்துப் பட்டையிலும் சட்டைக் கழுத்திலும் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சொல் ஆங்கிலத்துக்கு இத்தாலிய 'கம்மேயோ'விலிருந்து வந்தது. அதற்கு முன்னால் இடைக்கால லத்தீனில் 'கம்மயேயுஸ்'. அதையும் தாண்டி வேர் எங்கே இருக்கிறது என்பதில் அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை. கலை, சொல்லைவிட மிகப் பழையது. கிரேக்கர்கள் ஆண்ட அலெக்சாந்திரியாவில் செழித்து, ரோமாபுரிக்குப் போனது. அகஸ்டஸ் பேரரசர் அரியணையில் அமர்ந்திருக்கும் ரோமானியக் கேமியோ ஒன்று இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 19 செ.மீ., அகலம் 23 செ.மீ. அத்தனையும் ஒரே ஓனிக்ஸ் கல்.

இதில் முகம் மேலே எழும்பி நிற்பது பாதி வித்தைதான். ஓனிக்ஸ் கல்லில் வெள்ளையும் கறுப்பும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேலடுக்கில் உருவத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கீழடுக்கு தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். வண்ணம் பூசுவதே கிடையாது. கன்னத்தின் மேல் வெள்ளையைக் கொஞ்சம் மெல்லியதாக்கினால் அடியிலிருக்கும் கறுப்பு நிழலாக ஊடுருவித் தெரியும். அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போய்விட்டால் மூக்கு போய்விடும், திரும்ப ஒட்ட வழியில்லை.

கல் கடினமானது, விலையும் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் இந்த நகை நடுத்தரக் குடும்பங்கள் வரை வந்ததற்குக் காரணம் சங்குதான். வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டோரே டெல் கிரேக்கோ என்ற கடற்கரை ஊர் இதன் தாய்வீடு. பவள வேலைக்குப் பேர்போன அந்த ஊரில் 1878இல் செதுக்குக் கலைக்கென்றே பள்ளி தொடங்கினார்கள். பயன்படுத்துவது போர்வீரன் தலைக்கவசம் மாதிரி உருண்டு தடித்த ஒருவகைச் சங்கு. அதன் ஓட்டில் வெள்ளை அடுக்குக்கு உள்ளே பழுப்போ செம்மஞ்சளோ இருக்கும். ஓட்டை வில்லைகளாக அறுத்து, ஒரு மரக்கட்டையின் நுனியில் சூடான கீல் கலவையால் ஒட்டிக்கொள்வார்கள். இடது கையில் கட்டையைத் திருப்பிக்கொண்டே, வலது கையில் கூர் எஃகு உளியால் சீவி எடுப்பார்கள். கல்லுக்குச் சுழலும் சக்கரமும் வைரத்தூளும் வேண்டும். சங்குக்கு ஒரு நல்ல உளியும் பழகிய கையும் போதும்.

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அவரே இந்த நகையை விரும்பி அணிந்தவர் என்பதால் மோகம் இன்னும் ஏறியது. இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் போன ஆங்கிலேயர்கள் நினைவுப் பொருளாக வாங்கி வந்தார்கள். மெடூசா, மது தெய்வத்தின் தோழிகள், கழுகுக்கு உணவூட்டும் ஹீபி என்று கிரேக்கக் கதைகள்தான் அதிகம். பெயரில்லாத அழகியின் பக்கவாட்டு முகம் அப்புறம்தான் பெருகியது.

இந்தக் கலைஞர்களில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. ரோமில் பிறந்தவர். அவர் செதுக்கிய ஃப்ளோரா தேவதையின் தலையைப் பழங்காலத்து ரோமானிய வேலை என்று நம்பி ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற சேகரிப்பாளர் வாங்கிவிட்டார். லண்டன் வந்த பிஸ்ட்ருச்சி 'இது நான் செய்தது' என்று சொன்னபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே பிஸ்ட்ருச்சிதான் 1817இல் வந்த ஆங்கிலப் பொன் நாணயத்துக்கு, குதிரை மேலிருந்து அசுரப் பாம்பைக் கொல்லும் வீரனை வடித்தார். அந்த நாணயத்தின் பெயர் சாவரின். நம் நகைக்கடைகளில் தினமும் புழங்கும் 'சவரன்' அதிலிருந்து வந்ததுதான்.

பழைய சங்குக் கேமியோ கையில் கிடைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி உள்ளே ஊடுருவும். பின்பக்கம் சங்கின் வளைவு லேசாகக் குழிந்திருக்கும். முடிக்கற்றையில் உளி போன கோடுகள் லென்ஸில் தெரியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அவை மழுங்கியிருக்கும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கும் நம் வழக்கத்தை மட்டும் இதனிடம் காட்டிவிடாதீர்கள். சங்கு சுண்ணாம்புப் பொருள், புளிப்பு அதை அரித்துவிடும். இன்னொன்று: இந்த வேலைக்குப் பயன்படும் தலைக்கவசச் சங்குகளில் இரண்டு இனங்களை இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இல் சேர்த்தார்கள். நம் கடலில் அவற்றை எடுப்பது குற்றம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'புடைப்புச் சிற்பம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது மாமல்லபுரத்துப் பாறை போன்ற பெரிய வேலைக்குப் பழகிவிட்ட சொல், நகைக்கு ஒட்டவில்லை. என் தேர்வு 'புடைப்புரு'. புடைத்து நிற்கும் உரு, அவ்வளவுதான். கல்லில் செய்தது 'புடைப்புரு மணி'. மணி என்றால் பழந்தமிழில் விலையுயர்ந்த கல்தானே. சங்கில் செய்தது 'சங்குப் புடைப்புரு'. அடுக்கு நிறத்தையும் சொல்லியாக வேண்டிய இடத்தில் 'ஈரடுக்குப் புடைப்புரு' எனலாம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு எதிர்ச்சொல்லும் கிடைக்கிறது. உருவத்தைக் கல்லுக்குள் குழித்து வெட்டுவதை மேற்கில் இன்டாலியோ என்பார்கள், முத்திரை மோதிரங்களில் இருப்பது அதுதான். அதைக் 'குழிவுரு' எனலாம். கீழடியில் கிடைத்த, பன்றி உருவம் பொறித்த சூதுபவள மணி குழிவுரு வகை. புடைப்புரு இல்லை.

சினிமாப் பொருள் ஆங்கிலத்திலேயே பின்னால் வந்தது. சின்னதாக, நேர்த்தியாகச் செதுக்கியது என்ற எண்ணத்தில் முதலில் குறும் எழுத்துச் சித்திரங்களுக்கும், பிறகு மேடைக்கும் திரைக்கும் போனது. அதற்கு நம்மிடம் 'சிறப்புத் தோற்றம்', 'கௌரவ வேடம்' என்று ஏற்கனவே பழகிய சொற்கள் இருக்கின்றன. எனவே இரண்டையும் பிரித்தே எழுதலாம்: 'அவர் அந்தப் படத்தில் சிறப்புத் தோற்றத்தில் வருகிறார்', 'பாட்டி காலத்துப் பெட்டியில் தங்கச் சட்டமிட்ட ஒரு சங்குப் புடைப்புரு இருந்தது.'