யானைக்கு வெடிச்சத்தம் எப்படிப் பழகிப்போகிறது?

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ராகி முற்றும் நேரத்தில் யானை இறங்குகிறது. முதல் வாரம் பட்டாசு வெடித்தால் ஓடுகிறது. மூன்றாவது வாரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறது. அதற்குக் காது மந்தமாகிவிட்டதா சார்? பூசாரி மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து கொல்லையின் நாலு மூலையிலும் கட்டினோம். பத்து நாள் வரவில்லை, அப்புறம் வந்துவிட்டது. இதற்கெல்லாம் உளவியலில் பதில் உண்டா?"

உண்டு. அனேகமாக இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

உளவியல் என்றதும் நம் மாவட்டங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு பஸ் ஏறுவதுதான் நினைவுக்கு வருகிறது. அது மனநல மருத்துவம். உளவியலின் வீச்சு அதைவிடப் பெரிது: உயிர்கள் எப்படி உணர்கின்றன, கற்கின்றன, மறக்கின்றன என்பதைச் சோதித்துப் பார்க்கும் அறிவியல் அது. 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுன்ட் தொடங்கிய ஆய்வகம், 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வந்த தனித்துறை எல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும், விட்டுவிடுவோம். மனதைத் திறந்து பார்க்க வழியில்லை. நடத்தை எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனித்து, உள்ளே நடப்பதைக் கணக்குப் போட வேண்டும். நம் யானை அதற்கு நல்ல உதாரணம்.

மரத்துப்போவது வேறு, பழகிப்போவது வேறு. ரொம்ப நேரம் சம்மணம் போட்டால் கால் மரத்துப்போகும். அப்போது அங்கே எறும்பு கடித்தாலும் தெரியாது. பழகிப்போன காது அப்படியில்லை. அதே சத்தத்தைத்தான் அது விட்டுவிடுகிறது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் பிடித்துக்கொள்ளும்.

தர்மபுரியில் நாங்கள் முன்பு குடியிருந்த வீடு ஒரு மாவு மில்லுக்குப் பின்புறம். மில் ஓட ஓட மதியத் தூக்கம் சுகமாக வரும். கரண்ட் போய் மில் நின்றதும் சட்டென்று விழித்துக்கொள்வேன். சத்தம் கேட்டு எழுந்தால் சரி, சத்தம் நின்றதற்கு ஏன் எழ வேண்டும்? சோவியத் ஆய்வாளர் சோகலோவ் 1960களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். திரும்பத் திரும்ப வரும் ஒலிக்கு மூளை உள்ளே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. வருவதும் நகலும் பொருந்தினால் சும்மா இருக்கிறது, பொருந்தாவிட்டால் எழுப்பிவிடுகிறது. ஒலி கூடினாலும், குறைந்தாலும், நின்றாலும் பொருத்தம் கெட்டுவிடுகிறது. காது களைத்துப்போனதுதான் காரணமென்றால், ஒலி குறைந்ததற்கு ஒருவர் திடுக்கிட முடியாதல்லவா?

இந்தப் பழகிப்போதலையே கருவியாக்கிப் பேச்சு வராத குழந்தையிடம் கேள்வி கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. 1971இல் பீட்டர் எய்மஸும் கூட்டாளிகளும் ஒரு மாத, நான்கு மாதக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு கொடுத்தார்கள். வேகமாகச் சப்பினால் ஒலிபெருக்கியில் ஓர் ஒலி கேட்கும். 'பஸ் பாஸ்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லின் தொடக்க ஒலி (ஆங்கில b) வேறு, இரண்டாவதன் தொடக்க ஒலி (ஆங்கில p) வேறு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பகரம்தான்! இவற்றில் ஒன்றைத் தொடர்ந்து கேட்ட குழந்தை முதலில் ஆர்வமாகச் சப்பியது, பிறகு சலித்துப்போய் வேகம் குறைந்தது. அப்போது சொல்லாமல் கொள்ளாமல் மற்றதற்கு மாற்றினார்கள். சப்பும் வேகம் ஏறியது. ஒலியை மாற்றாத குழந்தைகளுக்கு ஏறவில்லை. ஒரு மாதக் குழந்தைக்கும் இரண்டும் வேறு என்று தெரிகிறது. சலிப்பை வைத்தே அதன் வாயிலிருந்து பதிலை வாங்கிவிட்டார்கள்.

நரம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேன்டல் கடல்முயல் என்னும் நத்தை வகை உயிரில் கண்டார். அதற்கு நரம்பணுக்கள் சுமார் 20,000தான். நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்துத் தடவை தொட்டால் இழுப்பது குறையும். அப்போதும் உணரும் நரம்பு செய்தியைச் சொல்கிறது, தசையிலும் வலு இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இடத்தில் சுரக்கும் வேதிப்பொருள்தான் குறைகிறது. வாலில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் இழுப்பு பழையபடி வந்துவிடும். நினைவு பற்றிய இந்த ஆய்வுகளுக்கு 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. நத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் பணம் தந்தவர்களைத்தான் நான் மெச்சுவேன். இங்கே "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே விண்ணப்பத்தை ஓரம் வைத்திருப்பார்கள்.

சரி, யானைக்கு வருவோம். வெடித்த பின் அதற்கு எதுவும் ஆவதில்லை, ஆகவே சத்தம் வெறும் சத்தமாகிவிடுகிறது. இடைவெளி விட்டால் பயம் திரும்பும். ஆனால் அடுத்த சுற்றில் இன்னும் சீக்கிரம் பழகிவிடும் என்று 1966இல் தாம்சனும் ஸ்பென்சரும் தொகுத்த விதிகளில் இருக்கிறது. அவர்கள் பார்த்தது பூனையின் கால் இழுப்பை. ஆனாலும் வருஷா வருஷம் பட்டாசுச் செலவு ஏறும் ராகிக்காரருக்கு அந்த விதி புதிதாக இருக்காது.

எலுமிச்சம்பழமும் இதே கதைதான். புதுத் துணி, புது வாசனை, கொல்லையில் திடீரென்று ஆள் நடமாட்டம்: எல்லாமே நகலோடு பொருந்தாதவை. அல்லது அந்தப் பத்து நாளும் கூட்டம் வேறு பக்கம் போயிருக்கலாம். மந்திரிக்காத பழத்தை இரண்டு மூலையிலாவது கட்டிப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். பூசாரிக்கு இந்த யோசனை பிடிக்காது.

கென்யாவில் யானை ஆய்வாளர் லூசி கிங் கொல்லையைச் சுற்றிக் கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டார். யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். அந்த ரீங்காரத்துக்குப் பின்னால் கொட்டு உண்டு, அதனால் அது லேசில் பழகிப்போவதில்லை. ஜவளகிரியிலும் தளியிலும் எது எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊர்வாரியாக அளக்கப் பெரிய பணம் வேண்டாம். இரண்டு பட்டதாரிகளுக்குச் சம்பளமும் ஒரு பைக்கும் போதும்.

அதுவரை வாசகரிடம் ஒரு வேலை. காவல் பரணில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எந்தச் சத்தம், யானை உடனே திரும்பியதா, நின்றதா, மேய்ந்ததா. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டாம், பரணிலிருந்து தெரிவதே போதும். பட்டாசை நிறுத்திவிட்டுத் தகரம் தட்டும் முதல் ராத்திரிக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நோட்டு வந்ததும் நான் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.